சூசைதாசன் வாங்கிய ஓட்டம்

கொழும்புத்துறையில் மீன் ஏலம் கூறும் சூசைதாசனுக்கு, தன் குரலுக்கு அடங்காத உயிர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்ற எண்ணமே ஐம்பது வயது தாண்டும்வரை வரவில்லை. வள்ளங்கள் கரைக்கு வந்ததும் அவர் ஒரு திருக்கை மீனுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைத் திறந்தால், வாங்குபவர், விற்பவர், காகம் எல்லாம் ஒரு கணம் அடங்கும். வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். மனைவி அருமைநாயகி அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல், எல்லாவற்றையும் தன் விருப்பப்படியே நடத்திவந்தார்.

நண்டு வியாபாரமாக நீர்கொழும்புக்குப் போன சூசைதாசன், திரும்பி வரும்போது மீன் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியோடு வந்தார். தலை கோப்பி நிறம், வெள்ளை உடம்பெல்லாம் கோப்பி தெறித்த மாதிரிப் புள்ளிகள். பொயின்ரர் என்ற வேட்டை நாய் இனம். பறவையின் வாடை பிடித்தால் குரைக்காது, பாயாது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வாலை நீட்டி, பறவை இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டு சிலைபோல நிற்கும்.

விற்ற மனிதர் நேர்மையானவர். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட வேண்டும், கட்டிப்போட்டு வளர்க்கிற நாய் இல்லை, வேலை கொடுக்காவிட்டால் அது தானாக ஒரு வேலை தேடிக்கொள்ளும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சூசைதாசன் அதை எச்சரிக்கையாக எடுக்கவில்லை. வாகனம் விற்பவர் எஞ்சினைப் புகழ்வது போல எடுத்துக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம், வளர்ந்தால் எவ்வளவு உயரம் வரும் என்பதுதான்.

குட்டிக்குக் கோப்பி என்று பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் உயரம் வந்தது. கூடவே மற்றதெல்லாம் வந்தது. முற்றத்தில் கிணறு தோண்டுகிற ஆழத்துக்குக் குழிகள். கதவு நிலையில் பல்லடையாளம். வெயிலில் காயப்போட்ட கருவாட்டில் பாதியைக் காணவில்லை. சூசைதாசன் ஏலக் குரலில் அதட்டினால், கோப்பி அதை விளையாட்டுக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு வீட்டை மூன்று தரம் சுற்றி ஓடிவந்து, இன்னும் ஒருதரம் கத்தச் சொல்லுவது போல அவரைப் பார்க்கும்.

மதில் தாண்டப் பழகிய பிறகு பக்கத்து வீட்டுப் பேதுரு முறைப்பாட்டோடு வந்தார். நாய் அவருடைய கோழிகளைத் தொடவில்லை, அதை அவர் ஒத்துக்கொண்டார். கூட்டுக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்று பார்க்கிறதாம். அந்தப் பார்வைக்குப் பயந்து கோழிகள் முட்டை இடுவதையே விட்டுவிட்டனவாம்.

சூசைதாசன் நாயை வேப்பமரத்தில் கட்டினார். கோப்பி கயிற்றைக் கடித்தது. பிறகு சங்கிலி வாங்கினார். கோப்பி ஊளையிட்டது, ஊரே திரும்பிப் பார்க்கும் குரல் அந்த வீட்டில் இரண்டாகியது. நாய்க்கு ஏதோ வருத்தம் என்று முடிவுசெய்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் ஆரணி நாயைத் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு வருத்தமும் இல்லை, ஓடுகிற ஓட்டம் காணாது, இன்னும் ஓடவேண்டும் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்றும் கேட்டார். சங்கிலியின் நீளத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, சூசைதாசன் பேச்சை மாற்றினார்.

பங்குத் திருவிழா வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் புறாக்கள் பறக்கவிடுவதாக ஏற்பாடு. அலங்கரித்த கூடைக்குள் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. சுவாமியார் செபத்தைத் தொடங்கிய நேரம், கொளுக்கி கழன்ற சங்கிலியை இழுத்துக்கொண்டு கோப்பி சனத்துக்குள்ளால் வந்தது. நேரே கூடைக்கு முன்னால் போய், ஒரு காலைத் தூக்கி, தலையை நீட்டி, மூச்சுக்கூட விடாத மாதிரி நின்றது. அவ்வளவு பக்தியான நாயைத் தான் கண்டதில்லை என்று பின்னால் ஒருவர் சொல்ல, சிலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

சூசைதாசன் கூப்பிட்டார். ஒலிபெருக்கியை மீறி எல்லாருக்கும் கேட்டது, நாயைத் தவிர. அருமைநாயகிதான் போய், சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, “வா ராசா” என்று மெல்லச் சொன்னார். கோப்பி திரும்பியது. அந்த நேரம் பார்த்துச் சுவாமியார் கூடையைத் திறந்தார்.

புறாக்கள் கடல் பக்கம் பறந்தன. கோப்பியும் கடல் பக்கம் போனது. சங்கிலியைச் சுற்றிய கையோடு, திருவிழாச் சேலையில், அருமைநாயகியும் போனார். சேற்றுக்குள் முழங்கால் புதைந்த இடத்தில்தான் இருவரும் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து அருமைநாயகி வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிக் கால் கழுவினார். அதைப் பார்க்கச் சூசைதாசனுக்குத் திட்டு வாங்குவதைவிடப் பயமாக இருந்தது. நாளைக்கே நாயை நீர்கொழும்புக்குத் திருப்பி அனுப்புவதாகத் தானாகவே சொன்னார்.

“நாயிலை பிழையில்லையப்பா” என்றார் அருமைநாயகி. “நாயை வித்த மனிசன் சொன்னதைக் கேட்டனியளோ? ஓடுற சாமானை வாங்கிப்போட்டு நீங்கள் குந்தியிருந்தால் அது என்ன செய்யும்? நாளைக்கு நீங்களும் ஓடுங்கோ.”

மறுநாள் ஏலம் முடிந்ததும் சூசைதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரையில் ஓடினார். அதாவது, நாய் ஓடியது; அவர் இழுபட்டார். அவர் ஓடி யாரும் கண்டதில்லை என்பதால், கள்ளனைத் துரத்துகிறார் என்று நினைத்து இரண்டு பேர் சைக்கிளில் தடியோடு சேர்ந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தபின் அவர்கள் சிரித்த சிரிப்பை அவர் ஒரு கிழமைக்குத் தாங்கவேண்டியிருந்தது. பிறகு அவரும் சைக்கிளுக்கு மாறினார்.

நாளாக ஆகச் சில விஷயங்கள் பிடிபட்டன. கத்தினால் கோப்பி தூரப் போகும். உதட்டைக் குவித்து மெல்லச் சீக்காய் அடித்தால் நின்று யோசிக்கும். சட்டைப்பையில் கருவாட்டுத் துண்டு இருந்தால் யோசிக்காமலே வரும். தண்ணீர் வற்றிய சேற்றில் உள்ளான் பறவைக் கூட்டம் மேயும்போது அது காலைத் தூக்கி நிற்கும். அவரும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசாமல் நிற்பார். இத்தனை வருசம் அந்தக் கரையில் நின்றும் மீனைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. அதை வீட்டில் சொல்லவில்லை. ஓடிக் களைத்த கோப்பி பகல் முழுக்க நீட்டிப் படுத்துத் தூங்கியது. பேதுருவின் கோழிகளும் மனம் மாறின.

இப்போது நாயின் அழகைக் கண்டு, அதே மாதிரி ஒன்று எடுத்துத் தரும்படி ஆட்கள் வருகிறார்கள். சூசைதாசன் அவர்களைப் பெண் பார்க்க வந்தவர்களைப் போல விசாரிப்பார். மதில் எவ்வளவு உயரம்? மழை நாளிலும் ஓடுவது யார்? வீட்டில் பொறுமையான ஆள் ஒருவராவது உண்டா? கோழி வளர்க்கும் அயலவரோடு எப்படி?

பருத்தித்துறையில் புதுவீடு கட்டிய டினேஸ் என்பவர், வீட்டு வாசலுக்குக் காவலாகவும் எடுப்பாகவும் இருக்கும் என்று கேட்டு வந்தார். சூசைதாசன் மறுக்கவில்லை. சங்கிலியை அவர் கையில் கொடுத்து, கரையால் ஒருதரம் போய்வரச் சொன்னார். உள்ளான் கூட்டம் எழும்பிப் பறந்த நாள் அது. டினேஸ் வெகுநேரம் கழித்து, யாரோ ஒருவருடைய சைக்கிளின் பின்னால் இருந்து, மார்பளவு சேற்றோடு திரும்பி வந்தார். கோப்பி அதற்கு முன்பே வந்து படுத்துவிட்டது.

“என்ன தம்பி, குட்டி ஒண்டுக்கு நீர்கொழும்புக்குச் சொல்லட்டோ?” என்று கேட்டார் சூசைதாசன்.

டினேஸ் முகத்தைத் துடைத்தார். “வேண்டாம் அண்ணை. நான் வாசலிலை கமரா ஒண்டு பூட்டுறன்.”

அருமைநாயகி அவருக்குக் கால் கழுவ வாளியில் தண்ணீரும், குடிக்கத் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தார்.