நான் கை தட்டிய கதை

என் மகளுக்குக் காது கேட்காது. அவளுக்கு எட்டு வயதான பிறகும் எனக்குத் தெரிந்த சைகைகள் சாப்பாடு, குளியல், தூக்கம், அடி, இவ்வளவுதான். அவள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் பெற்றோருக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார்கள். நான் போனதில்லை. பிசிறு வெட்டுகிறவளுக்கு ஏது சனிக்கிழமை?

வேலம்பாளையத்தில் எங்களுடையது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, வாசல் எல்லோருக்கும் பொது. கம்பெனிக்காரர்கள் பனியன்களைக் கட்டுக் கட்டாகப் போட்டுவிட்டுப் போவார்கள். நூல் பிசிறை வெட்டி, கறை கண்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைக்க வேண்டும். இது நடந்த அன்று மதியமே வண்டி வந்துவிடும் என்றார்கள். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

மகள் வாசலிலிருந்து ஓடிவந்து என் முன்னால் நின்றாள். கைகள் பறந்தன. ஒரு மாதமாகவே அப்படித்தான். ஆட்டுக்குட்டி கிணற்றில் விழுந்த கதையைப் பள்ளி மேடையில் சைகையில் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள். கண்ணை உருட்டுவாள், விழுவாள், புரளுவாள். நான் பனியனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சூப்பர் கண்ணு, போய் வெளையாடு" என்று கை தட்டினேன்.

அவள் போகவில்லை. என் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். தொல்லை விட்டால் போதுமென்று மறுபடியும் தட்டினேன். சட்டென்று சாக்பீஸைப் பிடுங்கி, வெட்டி மடித்து வைத்திருந்த கறுப்புப் பனியனில் கிறுக்க ஆரம்பித்தாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் எழுத்து கண்ணில் பட்டது.

பாப்பா தொட்டி.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அன்று நல்ல தண்ணி வருகிற நாள். குழாயை விடுவதற்காக வாசலில் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தோம். பத்தடி தூரம்தான், ஓடினேன். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் பாப்பா குப்புறக் கிடந்தது. எப்படிக் குதித்தேனோ தெரியாது. தூக்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினேன். சத்தமில்லை. நான் கை தட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போய்விட்டதோ என்ற பயத்தைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. பிறகு இருமியது. வீறிட்டு அழுதது.

பாப்பாவின் அம்மா குளித்த ஈரத்தோடு ஓடிவந்தாள். மகள் எழுதியிருந்த பனியனைக் கண்டதும், "உங்க புள்ள மட்டும் இல்லீனா என்ற கண்ணு போயிருக்குமுங்கக்கா" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் மேடையில் கதை சொல்லும் நாள்; முதல்முறையாகப் பள்ளிக்குப் போனேன். பாப்பாவின் அம்மாவும் கூட வந்தாள். மேடையேறிய மகள் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு இந்தக் கதையை ஆரம்பித்தாள். டீச்சர் பக்கத்தில் நின்று அவள் சைகைகளை எங்களுக்கு வாயால் சொன்னார். பாப்பா எட்டிப் பார்த்தது, விழுந்தது, அவள் வீட்டுக்குள் ஓடியது எல்லாம் வந்தது. அடுத்தது நான்தான். எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொன்னேன். அம்மா உடனே எந்திரிச்சு ஓடுனாங்க" என்றார் டீச்சர்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது மகள் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.