சிவப்பு நூல் கட்டிய டாங்கி

என் வீட்டுக்காரரின் அண்ணனோடு நான் டாங்கிச் சண்டை ஆடியிருக்கிறேன். சொன்னால் என் மருமகளே நம்பமாட்டாள். அறுபதுகளின் கடைசியில், தாராவியில், தோல் வாசம் அடிக்கும் ஒற்றை அறை வீட்டில் அது நடந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் மாதக்கணக்கில் ஆடினோம்.

பேசாததற்குக் காரணம் பகை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. புருஷனுக்கு மூத்தவர் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கமாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். பேசியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் காதில் விழுந்தால் சரி. எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம் என்பதால் அந்த வழக்கம் வசதியாகத்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், "சோறு வச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, அறையின் நடுவே கட்டியிருந்த சேலைத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவேன். பெரியத்தான் சாப்பிட வரமாட்டார். அவரை நான் மனசுக்குள் பெரியத்தான் என்றுதான் சொல்லிக்கொள்வேன். சோறு ஆறிப்போகும்.

"பட்டாளத்துல இருந்து வந்த நாளையில இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுல்லா அலையுதான். யாரு மேல கோவமோ!" என்று அத்தை புலம்புவார். அத்தை என்றால் என் மாமியார்.

பெரியத்தான் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். அறுபத்தைந்தில் நடந்த சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பியவர். கல்யாணம் ஆகவில்லை. வந்தபிறகு யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

அறையின் முன்பக்கம்தான் எங்கள் பட்டறை. என் வீட்டுக்காரர் செருப்புக்கு அடித்தோல் வெட்டி, தைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஹிம் கடைகளுக்குக் கொண்டுபோவார். வெட்டுகிற மேசை அப்போதுதான் காலியாகும். பெரியத்தான் பரணிலிருந்து ஒரு பலகையை இறக்கி அதன்மேல் வைப்பார்.

அந்தப் பலகை ஒரு ஊர் மாதிரி இருக்கும். பசை தடவி மரத்தூள் தூவியது வயல். பை தைக்கிற நீல லைனிங் துணியில் ஒரு துண்டு, அது கால்வாய். சின்னச் சின்னத் துளை போட்டு விளக்குமாற்று ஈர்க்குகளை நட்டு வைத்திருந்தார், அது கரும்புத் தோட்டம். ஒரு தீப்பெட்டி பம்ப்செட் அறை. டாங்கிகளை அடித்தோல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்திருந்தார். மேலே ஒரு சட்டைப் பொத்தான். பீரங்கிக் குழலுக்கு ஒரு ஆணி. கட்டைவிரல் அளவுதான். ஆனாலும் வைத்த இடத்தில் கனமாக உட்காரும். அவர் பக்கத்து டாங்கிகள் தோல் நிறம். எதிரியுடையதில் கருப்பு பாலிஷ் தடவியிருந்தார்.

பட்டாளத்தில் அதிகாரிகள் மணலில் ஊர் செய்து, பொம்மை டாங்கி வைத்து இப்படித்தான் சண்டையைப் படிப்பார்களாம். இவர் தான் போன சண்டையையே செய்து வைத்திருந்தார். இரண்டு பக்கத்தையும் அவரே ஆடினார். முடிச்சுப் போட்ட ஒரு கயிறு உண்டு. ஒரு முறைக்கு ஒரு டாங்கி ஒரு முடிச்சு தூரம் போகலாம். கரும்புக்குள் என்றால் பாதி. சுடவேண்டுமானால் கயிற்றை நேராகப் பிடிக்கவேண்டும். நடுவில் ஈர்க்கு தட்டாவிட்டால் பகடை உருட்டலாம். அந்தப் பகடை அவரே மரத்தில் செதுக்கியது. கோணலாக இருந்ததால் பாதி நேரம் ஒரே பக்கம்தான் விழும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தடுப்புக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்ததுதான்.

ஒரு நாள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வெளியே போனார். பலகை முழுக்கத் தோல் தூசு. துடைக்கலாம் என்று டாங்கிகளை எல்லாம் எடுத்துத் தரையில் வைத்தேன். துடைத்து முடித்து நினைவிருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். கருப்பு டாங்கி ஒன்று மட்டும் எங்கே இருந்தது என்று பிடிபடவில்லை. பயம் வந்துவிட்டது. எங்கே வைத்தால் நன்றாயிருக்கும் என்று யோசித்து, பம்ப்செட் அறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அவர் வந்தார். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தடுப்பின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். திடீரென்று சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்து அவர் சிரித்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நான் பெருக்க வந்தபோது பலகை மேசைமேலேயே இருந்தது. கயிறும் பகடையும் எதிரியின் பக்கமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஆடு என்று அர்த்தம்.

அப்படித்தான் நான் எதிரியானேன். வெட்டு வேலை தொடங்குமுன், காலையில் பெருக்கும்போது நான் ஒரு முறை ஆடுவேன். நான் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது அவர் ஒரு முறை ஆடுவார். அந்தக் கோணல் பகடை எனக்கு ஒத்துவரவில்லை. ஊரிலிருந்து என் பெட்டியில் கொண்டுவந்த ஆறு சோழிகளை எடுத்து வைத்தேன். பாதிக்குமேல் மல்லாந்தால் குண்டு பட்டது என்று கணக்கு. அதையும் நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, ஆடி ஆடி அமைந்துகொண்டது. போட்ட சோழியை விழுந்தபடியே விட்டுவிட்டுப் போவேன். அவரும் அப்படியே விடுவார். ஏமாற்றவில்லை என்று காட்டுவதற்கு வேறு வழி இல்லையே.

வீட்டில் இது கேலியாகிவிட்டது. "ஏட்டி, எங்கண்ணன் டாங்கிய எல்லாம் சுட்டுத் தள்ளிட்டியாமே? ராத்திரி எனக்குச் சோறு உண்டா, இல்ல குண்டா?" என்பார் என் வீட்டுக்காரர். அத்தை, "மருமவள்னு கூட்டிட்டு வந்தோம். எதிரிப் படையில போயிச் சேந்துட்டாளே சவம்!" என்பார். ஆனால் மகன் சிரித்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

ஒரு நாள் பெரியத்தான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பித்தளைக் குடம் விழுந்து உருண்டது. சந்தே திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வீட்டுக்காரரிடம், "உங்க அண்ணனுக்குக் கோவமெல்லாம் இல்ல. காது கேக்கல" என்றேன். அவர் கேட்டபிறகுதான் தெரிந்தது, பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது முழுதும் போய், மற்றது அரைகுறையாம். பெரியத்தான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் இத்தனை நாள் சுவரிடம் சொன்னதெல்லாம் சுவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து தலையைக் குனிந்தபடி தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தடுப்புக்குள் போய்விடுவேன்.

அவருடைய டாங்கிகளில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. கரும்பு ஓரத்தில் நிற்கும். அதை அவர் நகர்த்தவே மாட்டார். விவரம் தெரியாமல் ஒரு காலையில் அதைச் சுட்டேன், பட்டுவிட்டது. அன்று முழுக்க அவர் ஆடவில்லை. மறுநாள் அந்த டாங்கி துடைக்கப்பட்டு அதே இடத்தில் நின்றது.

"அது அவுக கூட்டாளி இருந்த டாங்கி. அதோடயே எரிஞ்சு போனாரு" என்றார் என் வீட்டுக்காரர். "அவரோட அக்கா செம்பூர்ல, திலக் நகர்ல இருக்காங்க. நீ வாறதுக்கு முன்ன ஒருதரம் அண்ணனப் பாக்கணும்னு வந்தாங்க. இவுக அவங்களக் கண்டதும் எந்திரிச்சுப் போனவுக, பொழுது சாய்ஞ்சுதான் வந்தாங்க."

அதற்குப் பிறகு அந்த டாங்கியை நான் சுடவில்லை. எதிரே வெட்டவெளியாக நின்றாலும் என் கயிறு அந்தப் பக்கம் போகாது. அதனால் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா மறுபடியும் வந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைப்பழச் சீப்பை அத்தையிடம் கொடுத்தார். பெரியத்தான் எழுந்தார். அதற்குள் அந்த அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நா இங்ஙனயே இருக்கேன். பொம்பளையத் தாண்டிப் போறவுக போவட்டும்" என்றார்.

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். பெரியத்தான் திரும்பவும் ஆட்டப் பலகை இருந்த மேசையருகே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அம்மா இல்லாத பிள்ளைய நாந்தான் தூக்கி வளத்தேன். அவன் தனியாக் கெடந்து செத்தானா, பக்கத்துல ஆளு இருந்துச்சா? அத மட்டுஞ் சொல்லுங்க. எந்திரிச்சுப் போயிருதேன்."

அவருக்குப் பாதி கேட்டிருக்காது. கேட்ட பாதிக்கு வாய் வரவில்லை. அத்தை, "சொல்லேம்ல" என்றார். என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டார். அந்த அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் போனார். இன்றைக்குப் போனால் இனி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

எப்படித் துணிந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தடுப்பை விலக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியத்தானுக்கு நேர் எதிரே போய் நின்றேன். அத்தை, "ஏளா!" என்றார். நான் பம்ப்செட் அறைக்குப் பின்னாலிருந்த கருப்பு டாங்கியை வெளியே எடுத்தேன். கயிற்றைச் சிவப்பு நூல் டாங்கி வரை நேராகப் பிடித்தேன். ஒரு ஈர்க்கும் தட்டவில்லை. சோழியைப் போட்டேன். எல்லாம் கவிழ்ந்து விழுந்தன. படவில்லை.

நான் ஒவ்வொரு சோழியாக விரலால் மல்லாத்தி வைத்தேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்பு நூல் டாங்கியை மெல்லச் சாய்த்துக் கிடத்தினார். கால்வாயில் நின்ற தன்னுடைய டாங்கியைத் தொட்டுக் காட்டினார். என் வீட்டுக்காரரின் ஆணி டப்பாவிலிருந்து இரண்டு செருப்பாணிகளை எடுத்தார். ஒன்றைச் சாய்ந்த டாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். இன்னொன்றைக் கால்வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கரும்புக்குள்ளே போய், வளைந்து, அந்த முதல் ஆணியை ஒட்டி வந்து நின்றது.

"என் வண்டி சேத்துல மாட்டிக்கிட்டுக்கா" என்றார். "எறங்கி ஓடினேன். அவன வெளிய இழுத்துப் போட்டேன். தனியாக் கெடக்கல. நா இருந்தேன். கடைசி வரைக்கும் எம் மடியிலதான் தல."

அக்கா வாசற்படியை விட்டு உள்ளே வந்து பெரியத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் காதோரம் சாய்ந்து சத்தமாக, "பேசினானா?" என்றார்.

"பேசினான். தண்ணி கேட்டான், குடுத்தேன். பெறவு..." என்று நிறுத்தினார்.

"சொல்லுங்க தம்பி."

"எங்கக்கா வைக்கிற மீன் கொழம்புல புளி கூடிப் போவும்ல. ஆனா இப்ப ஒரு வாய் கெடச்சா நல்லாருக்கும்னான். அதுக்குப் பெறவு பேசல." பெரியத்தான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இத எப்படிக்கா உங்கட்ட வந்து சொல்லுவேன்? பெருசா எதையாச்சும் எதிர்பாத்து வந்திருப்பிய. செத்தவன் கடைசியாச் சொன்னது புளியப் பத்தின்னா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்புதான் முதலில் வந்தது.

"அந்த நேரத்துலயுமா எங்கொழம்பக் கொறை சொன்னான், மூதி!" என்றார். பிறகுதான் அழுதார். அத்தை போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

போகும்போது சாய்ந்து கிடந்த டாங்கியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நிமிர்த்தித் திரும்ப வைத்துவிட்டு, "இத இப்படியே ஒரே எடத்துல நிறுத்தி வைக்காதிய தம்பி. அவன் ஒரு எடத்துல இருக்க மாட்டான்" என்றார். என்னைப் பார்த்து, "வாரேன் தாயி" என்றார்.

அடுத்த ஞாயிறு தூக்குவாளியில் மீன் குழம்பு வந்தது. புளி தூக்கலாகத்தான் இருந்தது. பெரியத்தான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் அதற்கு முன்பே, அந்த அக்கா வந்துபோன மறுநாள் காலையிலேயே, நான் விளக்குமாற்றோடு மேசையருகே வந்தபோது சிவப்பு நூல் டாங்கி கரும்பு ஓரத்தில் இல்லை. ஒரு முடிச்சு தூரம் முன்னேறி, என் கருப்பு டாங்கிக்கு நேராகக் குழல் ஆணியை நீட்டிக்கொண்டு நின்றது. பெரியத்தான் அன்றைக்கு வெளியே போகவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆடு தாயி. பாவம் பாக்காத" என்றார்.

நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அப்புறம் சோழியைக் கையில் எடுத்துக் குலுக்கினேன்.