மிக்கியின் இதயத்தைக் கொடுத்த நாள்

எங்கள் நாய் மிக்கி முதன்முதலாக இருமியபோது தொண்டையில் மீன்முள் சிக்கியிருக்கும் என்றே நினைத்தோம். என் கணவர் அன்ரன் அவன் வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அன்ரன் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசல் படலைக்கு ஓடும் அந்தச் சிறிய வெள்ளை நாய், பிறகு பாதி வழியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியது.

ஊர் மிருக வைத்தியர் நெஞ்சில் இரைச்சல் கேட்கிறது என்று சொல்லி, மலைநாட்டிலுள்ள பெரிய மிருக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஸ்கான் செய்த இளம் பெண் வைத்தியர் படத்தைக் காட்டி விளக்கினார். ஈரிதழ் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) தடித்துப்போய், சரியாக மூடாமல் இருந்தது. இரத்தம் பின்னோக்கி ஒழுகியது. சிறிய இன நாய்களுக்கு வயது போகும்போது வருகிற நோய். மருந்து வாழ்நாளைக் கூட்டுமே தவிர வால்வைத் திருத்தாது.

அவர்கள் ஒரு புதிய மருந்தை ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். சில நாய்களுக்கு அந்த மருந்து. மற்றவற்றுக்கு அதே தோற்றத்தில், மருந்தே இல்லாத வெறும் குளிசை (மாத்திரை).

"இவனுக்கு எது கிடைக்கும், டொக்டர்?" என்று அன்ரன் கேட்டார்.

"எனக்கும் தெரியாது, ஐயா. தெரிஞ்சால் ஆய்வு பிழைச்சுப் போகும். ஆனா வழமையான மருந்துகளை நிப்பாட்டமாட்டம்."

சம்மதித்தோம். பாரை மீன் துண்டுக்குள் குளிசையை ஒளித்துக் கொடுத்தேன். சில மாதங்கள் நன்றாக இருந்தான். உண்மையான மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று நம்பினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருந்தால் நீங்களும் நம்புவீர்கள். அதில் தவறில்லை.

பிறகு நுரையீரலில் நீர் கோத்தது. ஒரு தடவை வைத்தியர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மிக்கி இல்லாமல் போனால், இதயத்தை எங்களுக்குத் தருவீங்களா? ஸ்கானில கண்டதும் உள்ளுக்க இருக்கிறதும் ஒத்துப்போகுதோ எண்டு பார்க்கலாம்."

அன்ரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

வாடகை வானில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கடைசிப் பயணத்தில், தம்பலகாமம் என்ற ஊரைத் தாண்டுமுன்பே மிக்கியின் நாக்கு நீலமாகிவிட்டது. அன்ரனின் மடியில், ஜன்னல் காற்றுக்கு முகத்தை நீட்டியபடி அடங்கிப்போனான். வான்காரர் வயலோரம் வாகனத்தை நிறுத்தினார்.

"அண்ணே, திருப்பட்டோ?"

"ஓம், திருப்புங்கோ," என்றேன் நான். "இவனைக் கீறக் குடுக்க ஏலாது."

அன்ரன் மிக்கியின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "கழட்டிப் பாக்காமல் நான் ஒரு எஞ்சினையும் திருத்தப் பழகேல்லை," என்றார். "இவன்ர நெஞ்சைப் பாத்தாவது இன்னொண்டு பிழைக்கட்டும். நேர போங்கோ, தம்பி."

எங்களைக் கண்டதும் வைத்தியர் அழுதுவிட்டார். பின்னேரம், இதயத்தை எடுத்தபின் நெஞ்சைத் தைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி மிக்கியைத் திருப்பித் தந்தார். எங்கள் வீட்டு வளவிலேயே புதைத்தோம். எந்தக் குளிசை கிடைத்தது என்று இன்னும் தெரியாது, ஆய்வு முடியவில்லை. அன்ரன் விசாரிப்பதுமில்லை.

இப்போதெல்லாம் அடுத்த வருடத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் அவர் "பாப்பம்" என்கிறார். எனக்கோ, மத்தியானம் இடப்பக்கம் சரிந்து படுத்தால் என் நெஞ்சு அடிப்பது தலையணைக்குள் கேட்கிறது. முன்பு அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கும், மறுபக்கம் திரும்பிவிடுவேன். இப்போது திரும்புவதில்லை. நித்திரை வரும்வரை கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.