அமீனா என்று பெயரெடுத்த பில் கலெக்டர்

மதலைமுத்து ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனா இல்லை. பெங்களூர் தொம்மலூர் வார்டு ஆபீசில் வீட்டு வரி வசூலிக்கிற பில் கலெக்டர், அவ்வளவுதான். ஆனால் உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

தொம்மலூரின் பழைய சந்துகளில் வீட்டுக்கு வீடு பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. இரண்டையும் தலைகீழாக ஒப்பிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். கடன் கட்டாத வீடுகளை வங்கிக்காரர்கள் எடுக்க ஆரம்பித்தபோது, வீட்டை அடையாளம் காட்ட அவரைத்தான் அழைத்துப் போனார்கள். அவர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எவன் சாட்சிக் கையெழுத்துப் போடுவான்? அதையும் இவர் தலையில்தான் கட்டினார்கள். இரண்டு வருடத்தில் பதினொரு வீடு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அவர் தெருமுனையில் தெரிந்தாலே கதவுகள் சாத்திக்கொண்டன.

மனைவி மௌரீன் இறந்து நாலு வருடம், பிள்ளை கிடையாது. வரி வசூலுக்குப் போகிற வீடுகளில் கிடைத்த ஒரு வாய் காப்பியும் ஊர்க்கதையும்தான் அவருக்கு உறவு. அதுவும் நின்றுபோயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் திங்கள் காலை வரை வாய் திறக்க அவசியமே இருக்காது. பாவம், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தார்.

2006இல் ஒருநாள் தன் அதிகாரி சேஷகிரியிடம் போய் நின்றார்.

"சார், கடன் வாங்கினவன் ஓடிடறான். லீசுக்கு இருக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. நோட்டீஸ்ல ஓனர் பேர் இருக்கு, நமக்கென்னன்னு சும்மா இருந்துடறாங்க. நாமளே போய் சொன்னா என்ன?"

பெங்களூரில் லீசு என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்தால் முழுத்தொகையும் திரும்ப வரும். வீடே ஏலத்தில் போனால் எங்கிருந்து வரும்? சேஷகிரி நல்ல மனிதர். சனிக்கிழமை தோறும் ஆபீசில் ஒரு மேஜை போட்டு, இலவசமாக வக்கீல் ஒருவரையும் உட்காரவைத்தார். வீடு வீடாகச் சொல்லும் வேலை மதலைமுத்துவுக்கு.

நோட்டீஸ் ஒட்டிய பன்னிரண்டாவது வீட்டில் சாந்தகுமாரி இருந்தாள். பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை செய்த புருஷன் இறந்தபின் வந்த பணம் முழுவதையும் அந்த வீட்டுக்குத்தான் லீசு கொடுத்திருந்தாள். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். முப்பது நாள் ஓடிவிட்டது.

மதலைமுத்து கதவைத் தட்டினார். ஜன்னல் திரை விலகியது, மூடியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விஷயத்தை எழுதித் துண்டுச்சீட்டைக் கதவுக்கு அடியில் தள்ளினார். கிழிந்து திரும்பி வந்தது.

"அன்னிக்கு ஒட்டினது போதாதா? போய்யா!" என்றாள் உள்ளிருந்து. "ஓனர் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"அம்மா, கொஞ்சம் கேளும்மா…" யார் பேச்சை யார் கேட்பது? நோட்டீஸ் ஒட்டியபோது பக்கத்தில் நின்றவர் அவர்தானே.

இன்னும் பத்து நாள்தான் இருந்தது. டைப்பிஸ்ட் லீனாவிடம் போனார்.

"நீ போம்மா. என் பேரை மட்டும் எடுத்துடாதே. எடுத்தா கதவு திறக்காது."

லீனா போனாள். கதவு திறந்தது; காப்பிகூடக் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமையே சாந்தகுமாரி பத்திரத்தோடு வந்தாள். வீட்டுக்காரன் கடன் வாங்குவதற்கு முன்பே அவள் லீசைப் பதிவு செய்திருந்தாள். வக்கீல் கெடுவுக்குள் வழக்குப் போட்டார்; அவளுடைய பணத்தைக் கொடுக்காமல் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று உத்தரவும் வந்தது.

"இனிமே லீனாவே போகட்டும் முத்து, நீங்க வேணாம்" என்றார் சேஷகிரி. நியாயம்தான். மதலைமுத்துவும் தலையாட்டினார்.

ஒரு மாதம் கழித்து சாந்தகுமாரி மைசூர்பாகு டப்பாவோடு படியேறி வருவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நல்ல நாளும் அதுவுமாகத் தன் முகத்தில் அவள் விழிக்க வேண்டாம் என்று ரெகார்டு ரூமுக்குள் போய்விட்டார்.

"அந்த நோட்டீஸ்காரர் இன்னும் இருக்காரா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

லீனா டப்பாவை வாங்கிக்கொண்டாள். "இல்லக்கா, மாத்திட்டாங்க."

"நல்லதாப் போச்சு. அந்த ஆளைப் பார்த்தாலே கதவைச் சாத்தணும்னுதான் தோணும்."

அவள் வீடு தப்பியதில் மதலைமுத்துவுக்கு அப்படியொரு சந்தோஷம். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் படியிறங்கிப் போகும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.