சங்கக்கடையை விட்டுக் கலியாண வீடுகளுக்குப் போன அண்ணா

எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் அண்ணாவின் சினேகிதர்களுக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அண்ணாவைப் பற்றி எழுத வேறு ஆளும் இல்லை.

அண்ணா வாவிக்கரையில் பிறந்தவர். அப்பா தோணியில் போய் மீன் பிடித்தவர். அண்ணா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா காலமானார். அண்ணா புத்தகத்தை வைத்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அரிசி, சீனி நிறுப்பார். மண்ணெண்ணெய் அளப்பார். எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அப்பா இல்லாத வீட்டில் அது அண்ணனின் பொறுப்பு. "தங்கச்சிக்கு வீட்டக் கட்டிப்போட்டுத்தான் எனக்கு" என்று அண்ணா சொல்லி வைத்திருந்தார்.

காத்தான்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் அன்பர் ஒருவரை, அவர்கள் மூத்த அண்ணனைக் கூப்பிடுகிறபடி, அண்ணா காக்கா என்று அழைப்பார். அவரிடம் பழைய கமரா ஒன்றை வாங்கினார். ஞாயிறுகளிலும் லீவு நாட்களிலும் கலியாணப் படம் பிடிக்கப் போவார். கடை மனேஜர் பகிடி பண்ணுவார். "என்ன படக்காரர், மண்ணெண்ணெயையும் ஒருக்காச் சிரிக்கச் சொல்லுங்க" என்பார். அண்ணாவும் சிரித்துவிட்டு அளப்பார்.

எனக்கு ஒரு சம்பந்தம் சரிவந்தது. அண்ணாவுக்கு நிரந்தர வேலை என்பதால்தான் மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு அத்திவாரமும் போட்டாயிற்று.

அந்த நேரத்தில் வவுணதீவுப் பக்கம் ஒரு கலியாணம் வந்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்ததும் அண்ணா புறப்பட்டார். அது சண்டைக் காலம்; பொழுது படுமுன் பாலத்தடியில் ஆமிக்காரர் சோதனைச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள். பெண்ணின் அப்பா மறித்தார்.

"இரவைக்கு இஞ்ச படுத்திட்டு விடியப் போங்க தம்பி."

"இல்ல மாமா, நாளைக்குக் கடைக்கு அரிசி வருது. நான்தான் திறக்கோணும்."

ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம் பிடிக்கலாம். முப்பத்திரண்டு பிடித்திருந்தார். அந்த நாளில் சுருள் கிடைப்பது கஷ்டம். மிச்சம் நாலையும் வீணாக்கக் கூடாது என்று சுருளை அதன் டப்பிக்குள் திருப்பிச் சுற்றாமல் கமராவுக்குள்ளேயே விட்டுவிட்டார். பாலத்தடியில் நின்ற சிப்பாய் கமராவை வாங்கிப் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்று கண்டதும் திருப்பிக் கொடுத்தார். வெயில் பட்டதில் முப்பத்திரண்டும் போயிற்று. சுற்றி எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிராது.

அடுத்த நாள் அண்ணா கடை திறக்கவில்லை. வவுணதீவுக்குத் திரும்பிப் போனார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். பெண்ணின் அப்பா தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். பெண்ணின் மாமிதான் சொன்னார்.

"இவருக்கு அரிசி நிறுக்கிறதுதான் பெரிசு. நம்மட பிள்ளைக்குத் தாலிய மறுகாவும் கட்டேலுமா?"

டப்பிக்குள் இருந்த மிச்சச் சுருளில் அவர்களைப் பிடித்துக் கொடுத்தார். மூன்று படம் தேறியது. தாலி கட்டும் படம் இல்லை.

இதெல்லாம் அண்ணா பிறகு அம்மாவிடம் சொன்னவை. மூன்றாம் நாள் விடிந்தும் அவர் புறப்படாமல் இருக்க, அம்மா கேட்டார்.

"கடைக்குப் போகல்லியா மனே?"

"விட்டுட்டன் அம்மா."

"எத?"

"கடைய. அரை ஆளாப் போய் ஒரு பிள்ளைர கலியாணத்தக் கெடுத்துப்போட்டன். இனி முழு ஆளாப் போகப் போறன்."

நான் குசினிக்குள் இருந்து வெளியே வந்தேன். "அப்ப என்ட வீடு?" என்று கேட்டேன்.

"கட்டுவன்."

"எதால கட்டுவீங்க? படத்த ஒட்டியா சுவர் வைக்கப் போறீங்க?"

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கிழமையில் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அன்றிலிருந்து நான் அண்ணாவுடன் பேசவில்லை. இரண்டு வருடம் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு.

"அம்மா, சேட்டுக் காஞ்சிட்டா எண்டு தங்கச்சிட்டக் கேளுங்க" என்பார்.

"கொடியில கிடக்கெண்டு சொல்லுங்கம்மா" என்பேன்.

"ரெண்டு பேரும் சேந்து என்னத் தபால்காரி ஆக்கிட்டீங்க" என்று அம்மா ஏசுவார்.

அண்ணா சொன்னபடி முழு ஆளாகத்தான் போனார். கலியாணத்துக்கு முதல் நாளே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். பாதை பூட்டினால் தோணியில் போவார். எல்லாம் முடிந்ததும், பத்துப் படம் மிச்சம் இருந்தாலும், சுருளைச் சுற்றி எடுத்துவிடுவார். அங்கேயே படுத்து விடிந்த பிறகுதான் வருவார். ஷெல் விழுந்த கிழமையிலும் போனார். ஒரு கலியாணத்தையும் தவறவிடவில்லை.

எனக்கு வீடும் கட்டினார். இடையில் இரண்டு தரம் இடம்பெயர்ந்து திரும்பினோம். இரண்டாம் தரம் வந்து பார்க்க, சுவர் நின்றது, கதவுகள் இல்லை. அண்ணா மறுபடி கதவு போட்டார். மேசன் வேலைக்கு வந்தவருக்கே என்னைப் பேசினார்கள். அவர்தான் என் கணவர்.

என் கலியாணத்துக்கும் அண்ணாதான் படம் பிடித்தார். நான் மணவறையில் குனிந்து இருந்தேன். அண்ணா கமராவைத் தூக்கினார்.

"தங்கச்சி, ஒருக்கா இஞ்சால கிறுகுங்க" என்று தன் பக்கம் திரும்பச் சொன்னார்.

வீட்டில் என்னை நீ என்றுதான் சொல்வார். போகிற இடமெல்லாம் பெண்களுக்கு இப்படிச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது.

"என்னண்ணா, ஆரெண்டு தெரியாதா?" என்று, இரண்டு வருடத்துக்குப் பிறகு, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

சபை சிரித்தது. அண்ணா கமராவைக் கண்ணை விட்டு எடுக்கவில்லை. கனநேரம் எடுக்கவில்லை. படமும் பிடிக்கவில்லை. "நேரம் போகுது தம்பி" என்று ஐயர் சொன்ன பிறகுதான் பிடித்தார்.

அண்ணா கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "கிழமைக்கு ஒரு கலியாணம் பாக்கிறன், போதாதா?" என்பார். அம்மா காலமான பிறகு எங்களுடன் இருந்தார். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்தார். யாரிடமும் கோபித்துப் பேசியதை நான் கேட்டதில்லை.

கடைசியில் கண் மஞ்சளாகிச் செங்கமாரி வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஏறாவூருக்கு அங்கால ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தார். கண் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்குச் சொல்லிட்டியா? வேற ஆளப் பாக்கட்டும்."

"ஓம் அண்ணா, சொல்லியாச்சு" என்றேன்.

சொல்லவில்லை. அந்தக் கிழமை பாதை சரியில்லை என்பது உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. அண்ணா வரமாட்டார் என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் விடிய அண்ணா கண்ணை மூடினார். செத்த வீட்டுத் தீட்டும் துடக்குமாக மணவீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, செய்தியும் அனுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு போனேன். படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். பெண்ணின் அம்மா வந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் படலையைப் பிடித்தபடியே நின்றார்.

"அவர் முதல் நாளே வந்திருவார் எண்டு எல்லாரும் சொன்னாங்க மகள். அண்டைக்கும் ரோட்டப் பாத்துப் பாத்து நிண்டம். நேரம் தப்பப் போகுதெண்டு ஐயர் சத்தம் போட்டார். ஒரு படமும் இல்லாமத்தான் கட்டினாங்க. நான் அந்த மனிசன வாய்க்கு வந்தபடி ஏசிட்டன்."

அண்ணாவைப் பராமரித்த ஆஸ்பத்திரி நேர்ஸ் பிள்ளைகளுக்கும், பாதை பூட்டிய நாட்களிலும் ஆள் வைத்துப் படம் கழுவி அனுப்பிய காத்தான்குடிக் காக்காவுக்கும், குழி வெட்டியதில் இருந்து இன்றைய சமையல் வரை கூட நின்ற அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஏறாவூருக்கு அங்கால உள்ள அந்த வீட்டுக்கும் ஒரு மலர் அனுப்புகிறேன். அம்மா, நீங்கள் ஏசியதெல்லாம் எனக்குச் சேரட்டும். அண்ணா சொல்லச் சொன்னவர். நான்தான் சொல்லவில்லை.

தங்கச்சி