நான் நிரூபித்த தேற்றம்

பத்தாம் வகுப்பு முழுவதும் நான் இரண்டு பேருடைய வீட்டுப்பாடத்தைச் செய்தேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று பெரியப்பா மகனுடையது. அவன் என்னைவிட ஏழு மாதம் மூத்தவன்; அதனால் அவன் அண்ணன், நான் தங்கச்சி. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் எங்கள் வீடுகள். பள்ளியும் ஒன்று, வகுப்பும் ஒன்று. பெரியப்பா நிலத்தைத்தான் அப்பா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார்.

பள்ளி விட்டதும் நோட்டோடு வந்துவிடுவான். நான் போடப் போட, பார்த்து எழுதுவான். ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அகலத்தைவிட ஏழு மீட்டர் அதிகம், பரப்பு அறுபது சதுர மீட்டர், அகலம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. காரணிப்படுத்தினால் ஐந்து, மைனஸ் பன்னிரண்டு என்று இரண்டு விடை வரும். மைனஸை அடித்தேன்.

“அத ஏன் அடிச்ச?”

“மைனஸ்ல அகலம் இருக்குமா அண்ணா?”

“சரி, நானும் அடிச்சிர்றேன்.”

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்டதில்லை.

பிறகு கோண இருசமவெட்டித் தேற்றம் வந்தது. முக்கோணத்தின் ஒரு கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் கோடு, எதிர்ப்பக்கத்தை மற்ற இரண்டு பக்கங்களின் விகிதத்தில் பிரிக்கும். புத்தகத்தில் முக்கோணத்துக்கு வெளியே ஓர் இணைகோடு வரைந்து நிரூபித்திருந்தார்கள். அந்தக் கோட்டை வரைய ஒருவருக்கு எப்படித் தோன்றும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்டும் கோடு முக்கோணத்தை இரண்டு துண்டாக்குகிறது. அந்தத் துண்டுகளின் பரப்பை இரண்டு விதமாகக் கண்டுபிடித்து ஒப்பிட்டால்? நாலு வரியில் முடிந்துவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி படித்தேன். சரியாகவே இருந்தது. அவனும் வழக்கம்போல் எழுதிக்கொண்டான்.

மறுநாள் கணக்கு சார் எங்கள் இருவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது புத்தகத்துல இல்லையே. யாரு போட்டது?”

“நான்தான் சார்” என்றேன்.

அவனைப் பார்த்தார். அவன் எழுந்து நின்று, “நான் போட்டேன் சார். அது பாத்து எழுதுச்சு” என்றான்.

யாராவது ஒருவரைப் பலகைக்குக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். சார் கூப்பிடவில்லை. அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். என்னிடம், “புத்தகத்துல உள்ளபடி இருபது தடவ எழுதிட்டு வா” என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“பெரியம்மா காதுல விழுந்தா வம்பு. அடுத்த போகத்துக்கு நெலத்த வேற யாருக்காச்சும் விட்டுட்டாங்கன்னா உங்கப்பா எங்க போவாரு? விட்டுத் தொலை.”

அன்று சாயங்காலமும் அவன் வந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோட்டை நீட்டினான். நான் போட்டுக் கொடுத்தேன். அவன் சொன்ன பொய்யைவிட, நான் போட்டுக் கொடுத்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அவனுக்குக் கணிதப் பிரிவு, கும்பகோணத்தில் டியூஷன், பிறகு என்ஜினியரிங். கணிதப் பிரிவு இருந்த பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று என்னைப் பக்கத்திலேயே தையல் பிரிவில் சேர்த்தார்கள். இப்போது ஜாக்கெட் தைக்கிறேன். அவன் வெளிநாட்டில் இருக்கிறான்.

போன தையில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தான். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் மகளிடம் என்னைக் காட்டினான்.

“அத்தைக்கு அந்தக் காலத்துல கணக்கெல்லாம் அப்பாதான் சொல்லிக் குடுப்பேன்.”

இத்தனை வருடமும் அவனுக்கு அதெல்லாம் மறந்துபோயிருக்கும் என்று சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அன்று வாய் திறந்துவிட்டது.

“இல்லம்மா. நான் போடுவேன், உங்கப்பா பாத்து எழுதுவாரு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு இலைக்கு மேலே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

“அந்தத் தேற்றத்தையா இன்னும் மனசுல வெச்சுக்கிட்டு இருக்க?”