கலா அக்காவின் படத்தைக் கழற்றிய நாள்

காலை ஆறரைக்குக் கிண்டி விடுதி வாசலிலிருந்து வேன் புறப்பட்டது. கடைக் காட்சியமைப்பும் கண்காட்சி வடிவமைப்பும் படிக்கும் மாணவர்கள் பதினோரு பேர், எங்கள் பேராசிரியர், ஓட்டுநர். இறுதியாண்டுத் திட்டத்துக்கு ‘வடசென்னை’ என்ற தலைப்பில் ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும். செலவை ஒரு பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது. பாரிமுனை தாண்டியதும் பேராசிரியர் எழுந்து நின்று, “இன்னைக்கு நாம டெக்ஸ்சர் சேகரிக்கப் போறோம். துரு, வலை, உப்பு, வியர்வை” என்றார். வியர்வையை எதில் சேகரிப்பது என்று யாரும் கேட்கவில்லை.

ராயபுரம் தாண்டிக் காசிமேட்டில் இறங்கினோம். ஏலம் முடியும் நேரம். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் தலைக்கு மேல் பெரிய நீலக் குடை, அதில் செல்போன் விளம்பரம். படத்தில் அந்த நீலம் உறுத்துகிறதாம். குடையைக் கொஞ்சம் மடக்கச் சொன்னார் பேராசிரியர்.

“இன்னாத்துக்கு மடக்கணும்? வெயில்ல மீனு கெட்டுப்போச்சுன்னா நீ வாங்கினு போவியா? இன்னா வேணும், அத்த சொல்லு.”

பேராசிரியர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். வேனில் ஏறியதும், “ரொம்ப ரா-வான, பட்டை தீட்டாத மனுஷங்க” என்றார். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

அங்கிருந்து எண்ணூர் போகும் சாலைக்கு விரைவுச் சாலை என்று பெயர். திருவொற்றியூரைக் கடப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிற்று. வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கரையும் கடலும். இடப்பக்கம் நகராமல் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். எங்கள் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, “ஆம்புலன்ஸ் வந்தாலும் இதே கதிதான்மா” என்றார்.

முகத்துவாரத்தில் கலா அக்காவைப் பார்த்தோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் வாய்க்கயிறு அவர் பல்லிடுக்கில். கரையேறியபோது முழங்கால்வரை அனல்மின் நிலையச் சாம்பலின் நிறம்.

பேராசிரியர் அந்தப் பறியை விலைக்குக் கேட்டார். கூரையிலிருந்து தொங்கவிட்டு விளக்குப் போட்டால் அற்புதமாக இருக்குமாம்.

“இத்த உன்கிட்ட குட்த்துட்டு நாளிக்கு எறாவ வாயிலயா போட்டுக்குவேன்?” என்றார் அக்கா.

பிறகு என்னிடம் பேசினார். நான் போனில் பதிவு செய்தேன். “முன்னல்லாம் ஆத்துல கால வெச்சா மணலு. இப்போ சாம்ப சேறு, முட்டி வரிக்கும் இயுக்குது. எறா தேட்ற கைக்கு அரிப்புதான் கெடைக்குது. இது சாமி பண்ண வேல இல்ல. பண்ணவங்களுக்கே தெரியும்.”

படம் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “போட்டோ போடு. நான் சொன்னத கீய எயுதணும். எயுதுவியா?”

“கண்டிப்பாம்மா” என்றார் பேராசிரியர். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்துத் திறப்பு விழா. அக்காவை அழைத்துவர நானே எண்ணூர் போனேன். மஞ்சள் புடவை, தலையில் கனகாம்பரம். சென்ட்ரலுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். பேசின் பிரிட்ஜில் ரயில் வழக்கம்போல் சிக்னலுக்காக நின்றது. “மெர்லினு, அங்க பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்கல்ல? படிப்பாங்கல்ல?” என்று இரண்டு முறை கேட்டார். படிப்பார்கள் என்றேன்.

நுழைவாயிலில் தரையிலிருந்து கூரைவரை அவர் படம். பல்லிடுக்கில் பறிக்கயிறு, பின்னால் பொன்னிற வெளிச்சம். கீழே நிறுவனத்தின் சின்னம். பக்கத்துச் சுவரில் அக்கா சொன்னதை எழுதி முந்தைய நாள் மாலை நான் என் கையால் ஒட்டிய பலகை இல்லை. நான் திருப்பி வைத்த விளக்கு மட்டும் வெறும் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றது.

பேராசிரியரைத் தேடிப் பிடித்தேன்.

“ஸ்பான்சர்ஸ் வர்ற நாள், மெர்லின். கொஞ்சம் யோசி. காலியிடமும் டிசைன்தான்.”

“வாக்குக் குடுத்தோம் சார்.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்ன?”

மூன்றாண்டு வகுப்பில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் அர்த்தம் என்று தோன்றியது.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “நான் சொன்னது இல்லன்னா என் மூஞ்சி இங்க எதுக்கு? எறக்கு.”

பின்னறையிலிருந்து ஏணியை எடுத்து வந்தேன். பதினாறு கொக்கிகள். மாட்டியவளும் நான்தான், கழற்ற நேரமாகவில்லை. தேநீர்க் கோப்பையோடு நின்ற விருந்தினர்களில் இரண்டு பேர் இதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பேராசிரியர் ஏணிக்குக் கீழே நின்று பல்லைக் கடித்தபடி, “இறங்கு, உன் படிப்பே போயிடும்” என்றார். படம் முழுதாகச் சரிந்து விழுந்தபோது அவர் விலகிக்கொண்டார். அக்காதான் அதைச் சுருட்டினார்.

திரும்பும் ரயிலில் அந்தச் சுருளை இருவருமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். “எந்தக் கட்சி பேனரும்மா?” என்று கேட்டார் ஒருவர்.

“எங் கட்சிதான்” என்றார் அக்கா. பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்து நின்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் மதிப்பெண் போடுவதாகத் துறையில் சொன்னார்கள். கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தை மறுபடி செய்ய வேண்டும்.

விடுமுறைக்குத் தூத்துக்குடி கிளம்பும் முன் ஒரு முறை எண்ணூர் போனேன். எங்கள் ஊரிலும் துறைமுகம் உண்டு, புகைபோக்கி உண்டு, சாலையோரத்தில் வெள்ளையாகக் குவிந்த உப்பு உண்டு. அதைப் படம் எடுக்க வருகிறவர்கள் காரை நிறுத்தி, எடுத்து, ஏறிப் போய்விடுவார்கள். உப்பளத்தில் நிற்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக ஒருவரும் இறங்கி நான் பார்த்ததில்லை. ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். படம் எடுக்க வருகிறவர்களின் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்துப் பேச்சைப் பிடுங்கிவிட்டு மாட்டினால் சும்மா இருப்பார்களா?

லாரிகள் நிற்கும் சாலையோரத்தில், மீன் விற்கும் இடத்துக்கு மேலே, அக்காவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் படத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். நான் கறுப்பு பெயின்ட் வாங்கிப் போயிருந்தேன். நிறுவனத்தின் சின்னத்தை முதலில் அடித்து மூடினேன். காய்ந்ததும் அதன் பக்கத்தில் அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதத் தொடங்கினேன்.

அக்கா சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். அங்கிருந்தே கத்தினார்.

“எயுத்த பெருசா போடு மெர்லினு! லாரில போறவனுக்குத் தெரியணும்!”

எழுதியதைக் காயும் முன் துணியால் துடைத்துவிட்டு, அகலமான தூரிகையை எடுத்தேன்.